பழைய மேக்கில் விண்டோஸ் கேம்

காந்தலூர் மலைக் குளிரிலும் பழைய மேக்புக் கேம் போட்டால் கொதிக்கும். முதலில் ஃபேனில் அடைந்த தூசியைத் துடைத்தெடுங்கள். மெத்தை, கம்பளி மேல் வைத்து விளையாடாதீர்கள்.

இன்டெல் மேக் என்றால் பூட்கேம்ப் மூலம் விண்டோஸையே தனியாக ஏற்றலாம். மேக்கும் விண்டோஸும் ஒரே நேரத்தில் ஓடாததால் ராம் முழுவதும் விண்டோஸுக்கும் கேமுக்குமே கிடைக்கும். டிஸ்க்கில் குறைந்தது 64 ஜிபி காலியாக இருக்க வேண்டும். விண்டோஸை ஏற்றும் முன் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

அவ்வளவு இடமில்லையா? விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் இலவச ‘வைன்’ போதும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ (1999) போன்ற பழைய கேம்களுக்கு அதுவே தாராளம். உங்கள் மேக், மொஹாவே என்ற மேக்ஓஎஸ் பதிப்பில் இருந்தால் அப்படியே விடுங்கள். 2019-ல் வந்த அடுத்த பதிப்பான கட்டலீனா, இந்தப் பழைய கேம்கள் போன்ற 32-பிட் புரோகிராம்களைக் கைவிட்டுவிட்டது. அப்டேட் நின்ற மொஹாவே மெஷினில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

புது கேம்களுக்கு ஆசைப்படாதீர்கள், பழைய மேக்கின் கிராஃபிக்ஸ் தாங்காது. ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்கி, நிழல் எஃபெக்டை அணைத்தாலே வேகம் கூடும். ஹார்டுடிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கேம் திறக்கும் நேரம் குறையும். கிளவுட் கேமிங் மலையில் விட்டு விட்டு வரும் நெட்டுக்கு ஒத்துவராது. பெரிய ஃபைல்களை உடுமலைப்பேட்டைக்கு இறங்கும்போது டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொண்டு வந்துவிடுங்கள்.