போர்வெல் நீரில் யுரேனியம்: கல்பாக்கத்தை விட்டுவிடுங்கள்

நம்பிக்கை: தண்ணீரில் யுரேனியமா? கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து கசிந்திருக்கும்.

மயிலாப்பூர்க்காரர்கள் மெரினாவில் கால் நனைக்கும் கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் யுரேனியம் உண்டு. அணு உலை என்ற ஒன்றை மனிதன் கட்டுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. பாறைகளிலிருந்து நீர் கரைத்தெடுத்தது அது. நிலத்தடி நீரில் இருப்பதும் பெரும்பாலும் அப்படி வந்ததே. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2004-இல் 15 மைக்ரோகிராம், 2011 முதல் 30. கதிர்வீச்சுக்குப் பயந்து வைத்த வரம்பல்ல, சிறுநீரகத்தை நினைத்து வைத்தது.

நம்பிக்கை: மட்கிய இலையும் வண்டலும் யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாதி உண்மை; அதனால்தான் திருத்துவது கடினம். மட்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலத்துக்கு யுரேனியத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் நிஜமாகவே உண்டு. அந்த அமிலம் சேற்றில் படிந்திருந்தால் யுரேனியமும் அங்கேயே தங்கும். நீரில் கரைந்திருந்தாலோ, இரண்டும் சேர்ந்தே பயணம் போகும். சென்னையின் பழைய ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து தி.நகரை எழுப்பினார்கள், லேக் வியூ ரோடு என்ற பெயர்தான் மிச்சம். அதுபோன்ற ஏரிகளின் அடிக் களிமண்ணில் ஆக்சிஜன் எட்டாத இடங்களில், நுண்ணுயிர்கள் யுரேனியத்தை எளிதில் கரையாத வடிவத்துக்கு மாற்றிவிடும். நீர்மட்டம் இறங்கி அங்கே காற்று புகுந்தால் அது மறுபடி கரையலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹியூமிக் அமிலத்தின் பிடி வலுவாக இருப்பது சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில். நம் போர்வெல் நீரின் லட்சணத்தை கீசர் காயிலில் படியும் வெள்ளைக் கறையே சொல்லும்: கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த கடின நீர். இத்தகைய நீரில் யுரேனியம் கார்பனேட்டோடும் கால்சியத்தோடும் கூட்டு சேர்ந்துகொள்கிறது. அந்தக் கூட்டு மண்ணில் அவ்வளவாக ஒட்டுவதில்லை, ஹியூமிக் அமிலத்துக்கும் அதிகம் சிக்குவதில்லை. ஹியூமிக் அமிலம் கலந்த பழுப்பு நீரைக் கண்டு முகம் சுளித்துவிட்டு, பளிங்கு போன்ற கடின நீரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில் அர்த்தமில்லை. குடிநீரில் காணப்படும் அளவில் யுரேனியத்துக்கு நிறமோ சுவையோ கிடையாது.

நம்பிக்கை: காய்ச்சிக் குடித்தால் போச்சு.

கிருமிகள் சாகும். யுரேனியம் ஆவியாகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் ஏறும். ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் ஆர்.ஓ. விற்க வருபவர் நீட்டும் டி.டி.எஸ். மீட்டரில் யுரேனியத்தைத் தேடாதீர்கள். அந்த மீட்டர் மொத்த உப்பை மில்லிகிராமில் சொல்வது. 30 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஆய்வகத்தில் யுரேனியத்துக்கென்றே கேட்டுச் சோதித்தால்தான் தெரியும்.