முகம் மாறாமல் முகம் துலக்குவோம்
(புகைப்பட ரீடச்சிங் - ஓர் அறிமுகப் பாடம்)

விளம்பரங்களில் நாம் காணும் முகங்களில் பெரும்பாலானவை கேமராவிலிருந்து நேரே அச்சுக்கு வந்தவை அல்ல. இடையில் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து படத்தைச் செப்பனிட்டிருப்பார். இக்கலைக்கு 'ரீடச்சிங்' என்று பெயர். நம் ஊர் ஸ்டூடியோக்களில் சுருக்கமாக 'டச்சிங்' என்பார்கள். விளம்பரம், ஃபாஷன், திருமண ஆல்பம் ஆகிய மூன்றும் பெருகியுள்ள மும்பை, தில்லி போன்ற நகரங்களில் இது ஒரு தனித் தொழில். கற்க விரும்பும் நம் இளைஞர்களுக்காக இதன் அடிப்படைகளைப் பார்ப்போம்.

இது கணிப்பொறியோடு பிறந்த கலை அன்று. கறுப்பு வெள்ளைக் காலத்தில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து டச்சிங் செய்தார்கள். முகத்தில் கருமையாக உள்ள தழும்பு, நெகட்டிவில் ஒளி ஊடுருவும் இடமாக இருக்கும். அங்கே பென்சில் கரியை ஏற்றினால் பிரிண்டில் கருமை குறையும். கொஞ்சம் கூடிவிட்டால் வெள்ளைத் திட்டு விழும். ஆகவே கை அளந்தே நடந்தது. 1990-இல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி நிறுவனம் வெளியிட்டது. 2002-இல் வந்த 7-ஆம் பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' சேர்ந்தது. வேலை எளிதாயிற்று, அளவு மீறுவதும் எளிதாயிற்று.

எதைத் தொடலாம், எதை விடலாம்?

கருவிகளைக் கற்கும் முன் கற்க வேண்டியது இதுதான். இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடிய பரு, கொசுக்கடி, கலைந்த மை, நெற்றியில் பறக்கும் முடி ஆகியவற்றை எடுத்துவிடலாம். என்றும் உடனிருக்கும் மச்சம், பழைய தழும்பு, கன்னக்குழி ஆகியவற்றை உரியவர் கேட்டாலன்றித் தொடக்கூடாது. கண்ணடிக் கருவளையத்தையும் சிரிப்புக் கோட்டையும் குறைக்கலாம், அழிக்கக்கூடாது. அழித்தால் வயதும் போகும், ஆளும் போய்விடுவார்!

வேலையின் வரிசை

1. மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லா வேலையையும் தனி லேயர்களில் செய்யுங்கள். தவறினால் அந்த லேயரை மட்டும் நீக்கிவிடலாம்.

2. முதலில் சுத்தம். ஹீலிங் பிரஷ், நாம் காட்டும் இடத்திலிருந்து தோலின் இழையை எடுத்து, பூசும் இடத்தின் நிறத்தோடும் ஒளியோடும் கலந்துவிடும். கன்னம், நெற்றிக்கு இது ஏற்றது. உதட்டோரம், மூக்குத்தியின் விளிம்பு, முடியோரம் ஆகிய இடங்களில் பக்கத்து நிறம் கசிந்துவிடும். அங்கே, எடுத்ததை அப்படியே ஒட்டும் 'குளோன் ஸ்டாம்ப்' நல்லது.

3. அடுத்து ஒளியும் நிழலும். இதற்கு 'டாட்ஜ், பர்ன்' என்று பெயர். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது ஓரிடத்தில் ஒளியை மறைத்தும் வேறிடத்தில் கூடுதலாக விட்டும் செய்த முறையே இது. 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை 'சாஃப்ட் லைட்' முறையில் வைத்து, வெள்ளைப் பிரஷால் வெளிச்சமும் கறுப்புப் பிரஷால் நிழலும் சேர்க்கலாம். பிரஷின் 'ஃப்ளோ' 2, 3 சதவீதம் போதும். ஒளி மட்டுமே மாறுவதால் தோலின் நுண்துளைகள் அப்படியே நிற்கும். 'பிளர்' போட்டுத் தேய்ப்பது குறுக்கு வழி. அதில் கிடைப்பது பிளாஸ்டிக் பொம்மையின் முகம்.

4. கடைசியில் நிறம்.

நுண்ணிய வேலையை 100 சதவீத அளவில் செய்யுங்கள். அடிக்கடி படத்தைச் சிறிதாக்கி முழு முகத்தையும் பாருங்கள். கண் களைத்தால் எழுந்துவிடுங்கள். களைத்த கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரியும்.

நம் முகங்களும் நிறமும்

நம் கல்யாணப் படங்களுக்குத் தனிக் கவனம் தேவை. மஞ்சள் பூசிய மணப்பெண்ணின் முகத்தை, வழக்கம் அறியாத ஒருவர் நிறப்பிழை என்று கருதித் 'திருத்தி'விடக்கூடும். வேட்டியின் வெண்மை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் மஞ்சள் பிழையன்று, மங்கலம். மேக்கப்பால் முகம் வெளுத்தும் கழுத்து இயல்பாகவும் இருந்தால், கழுத்தை வெளுக்காதீர்கள். முகத்தைக் கழுத்தின் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள்.

"கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள்" என்று கேட்பவர்கள் வருவார்கள். பெண் பார்க்கக் கொடுக்கும் படத்தில் நிறத்தை மாற்றினால், நேரில் பார்க்கும் நாளில் அவமானப்படப் போவது அந்தப் பெண்தான். வெளிச்சத்தைச் சரிசெய்தாலே கருநிற முகம் களையாகத் துலங்கும் என்று எடுத்துச் சொல்லிச் செய்து காட்டுங்கள்.

இந்த அக்கறை நமக்கு மட்டும் உரியதன்று. கருநிறத்தவரை அழகற்றவராகவோ தாழ்ந்தவராகவோ விளம்பரங்களில் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் விதி வகுத்தது. பிரான்ஸில், மாடலின் உடலைக் கணிப்பொறியில் மெலிதாக்கியோ பருமனாக்கியோ வெளியிடும் விளம்பரப் படத்தில், அது திருத்தப்பட்டது என்று அச்சிடுவது 2017 அக்டோபரிலிருந்து கட்டாயம்.

பழகுவதற்குப் பணம் தடையில்லை. லேயரும் ஹீலிங் பிரஷும் உள்ள 'கிம்ப்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் ஒருவரின் அனுமதி பெற்று, ஜன்னல் வெளிச்சத்தில் அவரைப் படமெடுத்துத் தொடங்குங்கள். முடித்ததை அவரிடமே காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதே! என்ன செய்தாய்?" என்று கேட்டால் வேலை பழகிவிட்டது. "யார் இது?" என்று கேட்டால், மூலப்படம் பத்திரமாக இருக்கிறது, மறுபடி தொடங்கலாம்.