விழுந்த காரணம் தெரிகிறதா?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. பல்லடத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 24 வயதிலிருந்து செட்டிபாளையம் டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுகிறேன். முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூருக்கும் போவேன். கம்பெனி டீம் எல்லாம் இல்லை, கைக்காசு போட்டுத்தான் ஓட்டுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் வலது காறை எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். இந்த சீசனில் மட்டும் மூன்று முறை விழுந்துவிட்டேன். கடைசியாக விழுந்தபோது மார்ஷல் வந்து தூக்கியதோ பிட்டுக்கு வந்ததோ எனக்கு ஞாபகமே இல்லை. டிராக் டாக்டரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் ஆகிறது. சாயங்காலமானால் தலைவலி வருகிறது. வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. இடது மணிக்கட்டிலும் வலி. வீட்டில் "போதுமுங்க, விட்டுருங்க" என்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பசங்க, "டைம் ஏறவே இல்லையே மாப்ள, இன்னும் ரெண்டு சீசன் ஓட்டலாம்" என்கிறார்கள். எனக்கோ இப்போதெல்லாம் பைக்கில் உட்கார்ந்தாலே பயம். கோழையாகிவிட்டேனா? எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

— ஆர்.எஸ்., பல்லடம்

பதில்: அன்புள்ள ஆர்.எஸ்., நீங்கள் கோழை இல்லை. மூன்று முறை விழுந்த உடம்பு நான்காவது முறையை நினைத்துக் கொஞ்சம் பின்வாங்குகிறது, அவ்வளவுதான். உங்கள் தொந்தரவுகள் பெரும்பாலும் பார்த்துச் சரிசெய்யக் கூடியவையே. மனதைத் தளரவிட வேண்டாம்.

ஆனால் ரேஸை விடுவதா வேண்டாமா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். முதலில் தலை. விழுந்த பிறகு சில நிமிடங்கள் ஞாபகம் இல்லாமல் போவதை கன்கஷன் (தலை குலுங்கியதால் மூளையின் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவது) என்போம். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது. இதில் பெரும்பாலும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலான பெரியவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். உங்களுக்கு ஐந்து வாரம் தாண்டியும் தலைவலியும் கூச்சமும் இருப்பதால் நான் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சப்டியூரல் ரத்தக்கட்டு (மூளையின் மேலுறைக்குக் கீழே மெல்ல மெல்லக் கசிந்து சேரும் ரத்தம்) என்று ஒன்று உண்டு. அடிபட்டுப் பல வாரம் கழித்தும் அது தலைகாட்டலாம். உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இருக்க வாய்ப்புக் குறைவுதான். இருந்தாலும் இந்த வாரமே நரம்பியல் டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு கை கால் சோர்ந்தாலோ, பகலிலும் தூக்கம் அசத்தினாலோ வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டிராக் டாக்டரிடம் "ஒன்றுமில்லை" என்றீர்களே, அது தப்பு தம்பி. அடுத்த ஓட்டத்துக்கு அனுமதி கிடைக்காது என்றுதான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். முதல் குலுக்கல் ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும் மூளை வேகமாக வீங்கிவிட வாய்ப்பு உண்டு. அரிதாக, அதுவும் பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. தலைவலி முழுக்க நின்று, வேலையெல்லாம் பழையபடி செய்ய முடிந்து, அதற்குமேல் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் டிராக். அதுவரை கடைவீதிக்குக்கூட வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டை இனித் தொடாதீர்கள். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி ஒரு முறை நசுங்கிவிட்டால் அடுத்த அடியைத் தாங்காது.

அடுத்தது மணிக்கட்டு. பெருவிரலை அகல விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் ஸ்கேபாய்ட் (மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் உள்ள, முந்திரிப்பருப்பு அளவு எலும்பு) உடைந்திருக்கலாம். புதிதாக உடைந்தபோது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. விரல் பக்கமிருந்து உள்நோக்கி ரத்தம் ஓடும் எலும்பு இது. நடுவில் உடைந்தால் உள்பாதிக்கு ரத்தம் குறைந்து, ஒட்டாமலே கிடந்து, சில வருடத்தில் மணிக்கட்டே தேய்ந்துவிடலாம். ரேஸில் கிளட்ச் பிடிக்க மட்டுமா அந்தக் கை? லேத்தில் ஜாப் மாட்டுவதும் கழற்றுவதும் அதே கைதானே. கை எலும்பு டாக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுங்கள். விபத்துக் காயத்துக்கும் கைக்கும் வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் கோவைக்குத்தான் வருகிறார்கள். பல்லடத்துக்காரர் தள்ளிப்போடச் சாக்கே இல்லை.

காறை எலும்பில் பிளேட் இருப்பதை ஒரு தடையாக நான் பார்க்கவில்லை, எலும்பு நன்றாகக் கூடியிருந்தால். மறுபடி அதே தோளில் விழுந்தால் பிளேட் முடியும் இடத்தில் உடையக்கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பைக் ரேஸர் மார்க் மார்க்கேஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 ஜூலையில் ஹெரெஸ் டிராக்கில் வலது மேல்கை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து அந்த வார இறுதியிலேயே பைக்கில் ஏறிவிட்டார். பிறகு வீட்டில் ஒரு கதவைத் திறக்கும்போது பிளேட் போய்விட்டது. அந்தக் கைக்கு மொத்தம் நான்கு அறுவை சிகிச்சை ஆனது, கடைசி 2022-ல். 2025-ல் மறுபடி உலக சாம்பியன் ஆனார் என்று பசங்க உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். அவருக்குப் பின்னால் ஒரு கம்பெனியும் டாக்டர் படையும் நின்றன. படுத்திருந்த மாதங்களிலும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. உங்களுக்குத் திங்கட்கிழமை காலை பட்டறை திறந்தாக வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாற்பத்தொரு வயது என்பதாலேயே நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாலன்டினோ ரோஸி 2021-ல் பைக் பந்தயத்தை விட்டபோது அவருக்கு 42. கேசி ஸ்டோனர் 2012-ல், இரண்டு முறை உலக சாம்பியனான பிறகு, 27 வயதில் போதும் என்று போய்விட்டார். நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 42 வயதிலும் ஜப்பானில் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். 2023-ல் சென்னை டிராக்கில் ஜனவரியில் கார் பந்தயத்தில் கே.இ. குமார் 59 வயதில் இறந்தார். அதே டிராக்கில் ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் ஒரு சிறுவன் 13 வயதில் போனான். இதில் வயது எங்கே கணக்கில் வருகிறது? நாற்பதுக்கு மேல் கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், கை ஒரு நொடியின் சிறு பகுதி தாமதிக்கும், எலும்பு கூட அதிக நாளாகும். முதல் இரண்டை அனுபவம் ஈடுகட்டும். மூன்றாவதை எதுவும் ஈடுகட்டாது. சர்க்கரையோ சிகரெட்டோ இருந்தால் இன்னும் மோசம்.

நான் பார்ப்பது வேறு ஒன்று. ரேஸ் ஓட்டி அடிபட்டு வருகிறவர்களிடம் கட்டுப் போடும்போதே "ஏன் விழுந்தாய்?" என்று கேட்பது என் பழக்கம். ஓட்டத் தெரிந்தவன் நொடியில் சொல்வான்: "டயர் சூடாகலை டாக்டர், முதல் லேப்லயே கேஸ் குடுத்துட்டேன்." "முன்னாடி போனவன் லைன் மாத்தினான், பிரேக்கைப் பிடிச்சுட்டேன்." லோசைடு (வளைவில் டயர் பிடிப்பு விட்டு, வண்டியும் ஆளும் சாய்ந்த பக்கமே சறுக்குவது) என்றால் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பான். ஹைசைடு (சறுக்கிய பின்பக்க டயர் திடீரென்று பிடித்து, ஆளை எதிர்ப்பக்கம் தூக்கி எறிவது) என்றால், ஆக்ஸிலரேட்டரை எந்த இடத்தில் திறந்தான் என்று விரலால் கோடு போட்டே காட்டுவான். அவனை நான் திருப்பி அனுப்பத் தயங்குவதில்லை, எலும்பு கூடிய பிறகு. காரணம் தெரிந்த விழுதலைத் திருத்திக்கொள்ளலாம்.

"தெரியலை டாக்டர், எப்பவும் போறமாதிரிதான் போனேன்" என்கிறவனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கவனம் எங்கோ ஒரு கணம் அறுந்துபோகிறது, அது அவனுக்கே தெரியவில்லை. ஒரு தடவை யாருக்கும் நடக்கும். ஒரே சீசனில் இரண்டு தடவை என்றால் நிறுத்த வேண்டியதுதான், லேப் டைம் என்னவாக இருந்தாலும் சரி. உங்கள் கடிதத்தில் மூன்று முறை விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த வளைவில், எதனால் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு மெஷின்காரர் இப்படி எழுதுவாரா? ஜாப் கெட்டால் டூல் மழுங்கியதா, ஃபீடு அதிகமா என்று பார்க்காமல் அடுத்த ஜாப்பை மாட்ட மாட்டீர்கள். இன்றிரவு ஒரு தாளில் மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். கடைசியாக விழுந்தது ஞாபகமில்லை என்றால், பின்னால் வந்தவரிடமோ வீடியோ எடுத்தவரிடமோ கேளுங்கள்.

பசங்க சொல்லும் "டைம் ஏறவே இல்லை" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பார்ப்பது உங்கள் சிறந்த ஒரு லேப். டைம் ஷீட்டில் எல்லா லேப்பையும் பாருங்கள். முன்பு பத்து லேப்பும் ஒன்றுக்கொன்று அரை நொடிக்குள் இருந்து, இப்போது ஒன்று பிரமாதம், அடுத்தது இரண்டு நொடி தாமதம் என்று ஏறி இறங்கினால், வேகம் இருக்கிறது, நிதானம் போய்விட்டது. செட்டிபாளையம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் உள்ள சின்ன டிராக். வளைவுக்குப் பின் வளைவாக வந்துகொண்டே இருக்கும், மூச்சு விட நேரம் இருக்காது. நிதானம் போனவரை அது சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

பயத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. முந்தின நாள் தூக்கம் வராதது, கிரிட்டில் நிற்கும்போது வயிறு கலக்குவது எல்லாம் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் இருப்பவை. கொடி அசைந்ததும் அவை போய்விட வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகும் பயம் கூடவே வந்து, கை தானாக ஆக்ஸிலரேட்டரை மூடினால் அது ஆபத்து. பாதி வளைவில் தயங்குகிறவர் தானும் விழுவார், பின்னால் வருகிறவரையும் வீழ்த்துவார். பைக் ரேஸர் ஹோர்ஹே லொரென்சோ 2019-ல் ஆசென் டிராக்கில் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். கிராவலில் (டிராக் ஓரத்துச் சரளையில்) உருண்டு எழுந்தபோதே இது இனித் தேவையா என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார். திரும்பி வந்தும் பழைய நம்பிக்கை வரவில்லை. அந்த சீசன் முடிவிலேயே 32 வயதில் ஓய்வு பெற்றார். அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்கேனும் மணிக்கட்டும் முடியட்டும். அடுத்த சீசனுக்குப் பணம் கட்டாதீர்கள், ஒரு சீசன் முழுக்க வெளியே இருங்கள். பைக்கை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். வலியில் எடுத்த முடிவும் சரி, கப் வாங்கிய அன்று எடுத்த முடிவும் சரி, பாதி நாள் நிற்காது. உடம்பு சரியான பிறகு, போட்டி இல்லாத பிராக்டீஸ் நாளில், டாக்டர் ஒப்புதலோடு சில லேப் ஓட்டிப் பாருங்கள். பயம் வளைவுக்குள்ளும் கூட வந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள். வரவில்லை, மூன்று விழுதலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது, டாக்டரும் சரி என்கிறார் என்றால் ஓட்டலாம். ஆனால் இன்னொரு முறை தலை குலுங்கி ஞாபகம் போனால், அதற்கப்புறம் என்னிடம் கேட்டு எழுதவே வேண்டாம், பதில் ஒன்றுதான்.

இன்ஷூரன்ஸ் பத்திரங்களை எடுத்து வாசியுங்கள். வண்டி பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் கவர் இல்லை என்று அச்சடித்தே இருக்கும். விபத்து பாலிசிகளிலும் பெரும்பாலும் ரேஸ் விலக்குதான். பல்லடம் ரோட்டில் விழுந்தால் கிடைக்கும் பணம், செட்டிபாளையம் டிராக்கில் விழுந்தால் கிடைக்காமல் போகலாம். மகளின் படிப்பு, பட்டறைக் கடன் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

டிராக்கை விட்டவர்கள் சிலர் அந்த அரிப்பை ரோட்டில் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில் விடியற்காலையில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரிந்ததே. மார்ஷல் கிடையாது, கிராவல் கிடையாது, எதிரே லாரி வரும். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்கு டிராக்கே மேல்.

ஓட்டாமலும் அங்கே இருக்க வழி உண்டு. செட்டிபாளையம் டிராக் எஸ். கரிவர்தன் பெயரில் இருக்கிறது. மில் குடும்பத்தில் பிறந்து, நம் ஊரிலேயே ரேஸ் கார் செய்து, பல பேரை ஓட்டவைத்தவர். அவர் கட்டிய வண்டியில் பழகியவர்கள் இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். லேத் தெரிந்த, பதினேழு வருடம் ஓட்டிய ஆள் பிட்டில் கிடைப்பது சாமானியமா? ஃபுட்பெக் பிராக்கெட் கடைந்து கொடுக்கலாம், புதுப் பசங்களுக்கு பிரேக்கிங் பாயிண்ட் சொல்லித்தரலாம், மார்ஷலாக நிற்கலாம்.

கடைசியாக, நரம்பியல் டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போங்கள். இந்த ஐந்து வாரத்தில் நீங்கள் எரிந்து விழுகிறீர்களா, சொன்னதையே மறுபடி சொல்கிறீர்களா, ராத்திரி தூங்குகிறீர்களா என்று டாக்டர் கேட்பார். அதற்கெல்லாம் சரியான பதில் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருக்கும். உங்களை நம்பினால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வீர்கள்.