தொடங்க இயலாமை சோம்பலன்று



செய்ய வேண்டுவது யாதென நன்கறிந்தும், செய்யும் விருப்பம் உடையராயிருந்தும், கை மட்டும் எழாதிருப்போர் சிலரை நாம் காண்கிறோம். கல்வி உதவித்தொகைக்குரிய விண்ணப்பம் மேசைமீது கிடக்கும். இறுதி நாளும் நினைவிலிருக்கும். எனினும் நாள்தோறும் அதனைக் கண்டு அஞ்சிக் கடத்திவிடுவர். வீட்டார் அதனைச் சோம்பல் என்பர். பன்முறை கேட்டபின் அவரும் தம்மைச் சோம்பேறி என்றே நம்பத் தலைப்படுவர். உதவித்தொகை போவதினும் இந்நம்பிக்கையால் விளையும் கேடு பெரிது.

சோம்பியிருப்பவன் ஓய்வில் இன்பம் காண்கிறான். இவரோ ஓய்ந்திருக்கும்போதும் வேதனையுறுகிறார். கவனக்குறைவும் மிகைச்செயலும் பற்றிய குறைபாடு உடையாரிடம் இந்நிலை பெரிதும் காணப்படுகிறது. அதனை ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கி வழங்குவர். அறிவிற் குறைவின்றியும் தம்மை அடக்கியாள இயலாத சிறுவர்களைப் பற்றி, ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் 1902-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். இக்குறைபாடு இளமையில் தோன்றிப் பலருக்கு முதுமை வரையிலும் தொடர்வதாகும்.

இதன் காரணம் யாது? திட்டமிடுதலும் தொடங்குதலும் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் தொழில்கள். இவர்களிடம் அப்பகுதி இயங்கும் முறை வேறுபடுகிறது. ஆதலின் நெடுநாள் கழித்து வரும் பயன் இவர்களை எளிதில் ஈர்ப்பதில்லை. அண்மையிலுள்ளதும் புதியதும் அவசரமானதுமே ஈர்க்கும்.

ஆலைச் சங்கு ஊதியவுடன் தறிமுன் நின்று குறையற உழைக்கும் ஒருவரே, வீட்டில் ஒரு கடிதம் எழுத மாட்டாதிருத்தல் உண்டு. அங்கே சங்கும் மேஸ்திரியும் ஓடும் பொறியும் அவரைத் தொடங்கச் செய்கின்றன. இங்கே அவை இல. ஆகவே உள்ளத்தை நொந்துகொள்ளாது, ஒரு சங்கினைப் புறத்தே அமைத்துக்கொள்ளுதலே வழி. அதன் வகைகளைக் கூறுவாம்.

முதலாவது, வேலையைச் சிறிதாக்குக. “விண்ணப்பத்தை முடிப்பேன்” என்னாது, “சான்றிதழ் உறையை எடுத்து மேசைமீது வைப்பேன்” என்க.

இரண்டாவது, அச்செயலை நாடோறும் நிகழும் ஒன்றனோடு பிணைக்க. “காலைத் தேநீர் குடித்தவுடன் உறையைத் திறப்பேன்” என முன்னரே உறுதி செய்க. இவ்வாறு பிணைத்த முடிவுகள் வெறும் எண்ணத்தினும் மிகுதியாய் நிறைவேறுவதைப் பீட்டர் கோல்விட்சர் என்னும் உளநூலார் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார்.

மூன்றாவது, ஒருவரை அருகிருத்துக. அவர் உதவவும் வேண்டா, ஏவவும் வேண்டா. தம் வேலையைச் செய்துகொண்டிருப்பினும் போதும்.

நான்காவது, கண்முன் கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம் மட்டும் செய்க. நிறுத்தும்போது அடுத்த செயலை ஒரு வரியில் எழுதிவைத்தால், மறுநாள் தொடங்குமிடம் தெரியும்.

நிற்க. காலந்தாழ்த்துவோர் அனைவர்க்கும் இக்குறைபாடு உண்டென்று கொள்ளற்க. மனச்சோர்வும் உறக்கமின்மையும் இவ்வாறே செய்யும். மனநல மருத்துவரே ஆராய்ந்து கூறவல்லார்; மருந்தாலும் பயிற்சியாலும் பலர் நலமுறுகின்றனர். 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசி வழி கேட்கலாம்.

வீட்டாரே, “ஏன் இன்னும் செய்யவில்லை?” என்று வினவுவதை விடுத்து, “நான் அருகில் அமரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தை வைத்திருப்பவர் இன்று உறையை மட்டும் திறந்து வைப்பாராக. எழுதுவது நாளையாயினும் ஆகுக.