பன்னிரண்டு நாள் சாட்சி

தில்லியில் யமுனை ஆற்றுக்குக் கிழக்கே திரிலோக்புரி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பக்கத்தில் மயூர் விகார். அங்கே அடுக்கு மாடி வீடுகள் நிறைய. திரிலோக்புரியில் இருந்து தினமும் காலையில் பல பெண்கள் அந்த வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அவர்களில் ஒருவர் இந்த அக்கா. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். வீடு துடைக்கிறார். ஒரு வீட்டில் மட்டும் ஆறு வருடமாக வேலை செய்கிறார்.

அன்று நவம்பர் 24. வேலை முடிந்து கிளம்பும் நேரம். அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்.

"என் மோதிரத்தைக் காணோம். 14-ஆம் தேதி காலையில் மாவு பிசையும்போது கழற்றி வைத்தேன். கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். நீ பார்த்தாயா?"

"இல்லைம்மா. பார்க்கவில்லை."

"சரி. நாளைக்கு ஐயா கேமராவைப் போட்டுப் பார்ப்பார். யார் எடுத்தது என்று தெரிந்துவிடும்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார். ஒரு வீட்டில் திருட்டுப் பட்டம் வந்தால் நான்கு வீட்டு வேலையும் போய்விடும். போலீஸ் நிலையத்துக்கும் போக வேண்டி வரலாம்.

அக்காவின் தம்பிக்குக் கேமரா மாட்டும் வேலை. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் இருக்கிறது. அங்கே சாமான் வாங்குவான். வீடு வீடாகப் போய் மாட்டுவான். இரவு அவன் சாப்பிட வந்தான்.

"தம்பி, கேமரா பொய் சொல்லுமா?" என்று அக்கா கேட்டார்.

"பொய் சொல்லாதுக்கா. ஆனால் மறந்துவிடும். சில நேரம் மணியைத் தப்பாகச் சொல்லும்" என்றான் தம்பி.

பிறகு விவரமாகச் சொன்னான்.

கேமரா என்பது கண் மாதிரி. பார்க்கும். அவ்வளவுதான். பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வது வேறு ஒரு பெட்டி. அதற்கு டி.வி.ஆர். என்று பெயர். கேமராவில் இருந்து வரும் ஒயர் இந்தப் பெட்டியில் சேரும். பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் என்ற தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். படம் எல்லாம் அந்தத் தட்டில்தான் பதிவாகும்.

முன்பு வீடியோ கேசட்டில் பதிவு செய்தார்கள். கேசட் தீர்ந்தால் ஒருவர் எழுந்து போய் மாற்ற வேண்டும். மறந்தால் பதிவு நின்றுவிடும். டி.வி.ஆர். பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. தட்டு நிறைந்ததும் பெட்டி நிற்காது. மிகப் பழைய நாளை அழிக்கும். அந்த இடத்தில் இன்றைய நாளை எழுதும். பள்ளியில் கரும்பலகை நிறைந்தால் மேல் வரியை அழித்துவிட்டு எழுதுகிறோம் அல்லவா? அது போலத்தான்.

"எத்தனை நாள் வைத்திருக்கும்?" என்று அக்கா கேட்டார்.

"கணக்குப் போடலாம். உங்கள் வீட்டில் எத்தனை கேமரா?"

"நாலு."

தம்பி ஒரு காகிதத்தை எடுத்தான். அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். பதிவை ஜி.பி.யில் அளக்கிறார்கள். ஒரு கேமரா ஒரு நாள் முழுவதும் பதிவு செய்தால் சுமார் 20 ஜி.பி. ஆகும். படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்றால் 40 ஜி.பி.கூட ஆகும். நாம் 20 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு கேமராவுக்கு 20 என்றால் 4 கேமராவுக்கு 80 ஜி.பி. பெட்டியில் இருக்கும் தட்டு 1 டி.பி. அதாவது சுமார் 1000 ஜி.பி. ஆயிரத்தை 80-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை வருகிறது.

ஆக, அந்தப் பெட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் நினைவு. ஆள் நடமாடும்போது மட்டும் பதிவு செய் என்று பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம். அப்போது இன்னும் சில நாள் கூடுதலாக இருக்கும். அந்த வீட்டில் அப்படிச் செய்யவில்லை.

அக்கா விரல் விட்டு எண்ணினார். இன்று 24. பன்னிரண்டு நாள் பின்னால் போனால் 12. நாளைக்கு 13. 26, 27 ஆனால் 14-ஆம் தேதியே இருக்காது!

"ஆமாம்க்கா. நாளைக்கே 14-ஆம் தேதிப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லு. அவர்கள் மறந்தாலும் நீ மறக்காதே. அது இருந்தால்தான் உனக்கு நல்லது" என்றான் தம்பி.

தம்பி சொன்னது சரிதான். கேமரா என்றாலே வேலைக்காரர்களைப் பிடிக்க வைத்தது என்று பலர் பயப்படுகிறார்கள். பதிவு வீட்டுக்காரருக்கு மட்டும் சாட்சி அல்ல. வேலை செய்கிறவருக்கும் அதுவே சாட்சி. இதற்கு நாட்டில் நடந்த இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

முதல் வழக்கு தில்லியில் நடந்தது. 2012 டிசம்பர் 16 இரவு. ஓடும் பேருந்தில் 23 வயது மாணவி ஒருவரை ஒரு கூட்டம் கொடுமை செய்தது. அவரையும் அவருடைய நண்பரையும் மஹிபால்பூர் அருகே சாலையோரம் வீசிவிட்டுப் போனது. சில நாளில் அந்தப் பெண் இறந்தார். தில்லியில் எத்தனையோ வெள்ளைப் பேருந்துகள் ஓடுகின்றன. எந்தப் பேருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மஹிபால்பூரில் சாலையோரம் ஒரு ஓட்டல் இருந்தது. அதன் கேமராவில் அந்தச் சாலையும் தெரிந்தது. இரவு 9.30 மணிக்கு மேல் ஒரு வெள்ளைப் பேருந்து இரண்டு முறை போனது பதிவாகியிருந்தது. அதன் பக்கவாட்டில் 'யாதவ்' என்று எழுதியிருந்தது. முன்சக்கரத்தின் மூடி ஒன்று இல்லை. போலீசார் அந்தப் பேருந்தைத் தேடிப் பிடித்தார்கள். நீதிமன்றமும் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. 2017 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

அந்த ஓட்டல்காரர் தம் வாசலைப் பார்த்துக்கொள்ளத்தான் கேமரா மாட்டியிருப்பார். போலீசார் உடனே போய்க் கேட்டார்கள். அதனால் பதிவு கிடைத்தது.

இரண்டாவது வழக்கு நேர் எதிரானது. இது காசியில் நடந்தது. 2010 பிப்ரவரியில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார்கள். ஒருவர் அறையில் இறந்துபோனார். மற்ற இருவரும் கொன்றுவிட்டார்கள் என்று வழக்கு. இருவரும் சிறைக்குப் போனார்கள். ஆயுள் தண்டனையும் கிடைத்தது.

அந்த ஓட்டலில் கேமரா இருந்தது. அறைக்கு வெளியே யார் வந்தார், யார் போனார் என்று பதிவு இருந்திருக்கும். விசாரித்த அதிகாரி அதைப் பார்த்ததாகவும் சொன்னார். ஆனால் அதில் முக்கியமாக ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். நீதிமன்றத்தில் கொடுக்கவே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நல்ல சாட்சி கையில் இருந்தும் ஏன் காட்டவில்லை என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2015 ஜனவரி 20-ஆம் தேதி இருவரையும் விடுதலை செய்தார்கள். அதற்குள் ஐந்து வருடம் சிறையில் போய்விட்டது. பதிவை அன்றே எடுத்து வைத்திருந்தால் உண்மை எதுவானாலும் சீக்கிரம் தெரிந்திருக்கும்.

மறுநாள் நவம்பர் 25. அக்கா வேலைக்குப் போனார். ஐயா டி.வி.யைப் போட்டார். பெட்டியில் 14-ஆம் தேதியைத் தேடினார். வாசல் கேமராவின் படம் வந்தது. அக்கா பையோடு வெளியே போகிறார். திரையின் மேலே 14:40 என்று இருந்தது.

பெட்டியில் 24 மணிக் கணக்கு இருக்கும். ரயில் அட்டவணையில் இருப்பது போல. 12-க்கு மேல் இருந்தால் அதில் 12-ஐக் கழிக்க வேண்டும். 14:40 என்றால் பகல் 2 மணி 40 நிமிடம்.

ஐயாவின் முகம் மாறியது.

"நாங்கள் ஒரு மணிக்கே கல்யாணத்துக்குப் போய்விட்டோம். பாட்டி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டே முக்கால் மணிக்கு நீ எதற்கு இங்கே வந்தாய்?"

"இல்லை ஐயா. நான் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். அம்மாதான் கதவைச் சாத்தினார்கள்."

"பெட்டியில் இருக்கிறதே!"

அக்காவுக்குத் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஐயா, இப்போது மணி என்ன என்று பெட்டியில் பாருங்கள்."

ஐயா இன்றைய படத்தைப் போட்டார். திரையில் 13:05 என்று இருந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மணி 10.35.

பெட்டி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது! 14:40-இல் இரண்டரை மணியைக் கழித்தால் பகல் 12.10. அக்கா சொன்ன நேரம்தான்.

"இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள் ஐயா. நீங்கள் போனதும் வரும்" என்றார் அக்கா.

ஐயா படத்தை ஓட்டினார். ஐயாவும் அம்மாவும் பட்டுப் புடவையும் கோட்டுமாக வெளியே வருகிறார்கள். மேலே 15:30 என்று இருந்தது. ஒரு மணிக்குப் போனவர்கள் பெட்டியில் மூன்றரை மணிக்குப் போகிறார்கள்! அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஐயா சிரிக்கவில்லை. "தப்பாக நினைக்காதே அம்மா" என்றார்.

ஏன் இரண்டரை மணி நேரம்? இந்தப் பெட்டிகள் பல சீனாவில் செய்தவை. சீனாவின் நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணி முன்னால். மாட்டுகிறவர் நம் நேரத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். மாற்றாவிட்டால் பெட்டி சீனாவின் மணியையே காட்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தாலும் மணி கெடும். மின்சாரம் போய் வந்தால் தேதியே மாறிவிடும்.

அன்றே ஐயா 14-ஆம் தேதிப் பதிவைப் பென் டிரைவில் எடுத்தார். அக்கா கேட்டு எடுக்க வைத்தார் என்பதே சரி.

எல்லா வீட்டிலும் இப்படிக் கேட்டவுடன் எடுத்துத் தரமாட்டார்கள். விஷயம் போலீஸ் வரை போனால் அன்றைக்கே எழுத்தில் கேட்க வேண்டும். வக்கீல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மனு இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, என் மீது திருட்டுப் புகார் உள்ளது. நான் குற்றம் செய்யவில்லை. இந்த வீட்டின் கேமராவில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உள்ள பதிவு அழியும் முன் அதை எடுத்துப் பாதுகாக்க வேண்டுகிறேன்."

வீட்டு முகவரி, தேதிகள், கையெழுத்து ஆகியவை வேண்டும். தில்லியில் இதை இந்தியில் எழுதிக் கொடுப்பது நல்லது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலையத்தின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவைக் கொடு என்று எழுத்தில் உத்தரவு போட நிலைய அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் சட்டத்தில் அதிகாரம் உண்டு.

பதிவைச் செல்போனில் படம் பிடித்து வைத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும் என்கிறது அதன் 63-ஆவது பிரிவு. எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுக்கு ஒரு நீண்ட எண்ணும் போடுவார்கள். அது அந்தப் பதிவின் கைரேகை மாதிரி. பிறகு யாராவது படத்தைத் திருத்தினால் எண் மாறிவிடும். இதனால்தான் பெட்டியின் மணி தப்பு என்றால் அதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும்.

கேமரா எங்கே பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது என்பதும் உண்டு. வாசல், கூடம், படிக்கட்டு ஆகிய இடங்களில் வைக்கலாம். குளிக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் ஒரு பெண்ணைப் படம் எடுப்பது குற்றம். வீட்டில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. முதல் முறை செய்தாலே ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை சிறை.

மாலையில் தம்பி அந்த வீட்டுக்கு வந்தான். மணியைச் சரி செய்தான். பெட்டி ஷோகேசில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். காற்றுப் போக வழியும் விட்டான். திருடர்கள் போகும்போது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவது உண்டு.

"பாஸ்வேர்டு என்ன ஐயா?" என்று கேட்டான்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து."

"ஐயோ, அது கம்பெனியில் வைத்தது. ஊருக்கே தெரியுமே!"

தம்பி பயந்ததற்குக் காரணம் உண்டு. 2016 அக்டோபரில் யாரோ சிலர் உலகம் முழுவதும் இருந்த ஏராளமான டி.வி.ஆர். பெட்டிகளுக்குள்ளும் கேமராக்களுக்குள்ளும் இன்டர்நெட் வழியே புகுந்தார்கள். பூட்டை உடைக்கவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே போட்டுப் பார்த்தார்கள். திறந்துகொண்டது! அந்தப் பெட்டிகளை வைத்தே அமெரிக்காவில் பெரிய பெரிய இணைய தளங்களைச் சில மணி நேரம் முடக்கிவிட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இந்த வகைக் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பழைய பெட்டிக்கு வீட்டுக்காரர்தான் புதிய பாஸ்வேர்டு போட வேண்டும்.

ஐயா புதிய பாஸ்வேர்டு போட்டார். தம்பி திரும்பி நின்றுகொண்டான்.

பிறகு தம்பி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மாதம் 1-ஆம் தேதி மணி பார்க்கவும். நினைவு 12 நாள்."

மோதிரம் அன்று கிடைக்கவில்லை. சமையலறையில் கேமரா இல்லை. அம்மா மாவு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் கூட உட்கார்ந்து தேடினார்.