போஞ்சித் துரு நோயும் மருந்து தெளிக்கும் காலமும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில், வயல் வேலை ஓய்ந்த காலத்திலும் லயங்களை அடுத்த சிறு நிலங்களிலும் போஞ்சியும் பயற்றையும் பயிரிடுவோர் பலர். ஈரம் மிக்க இம்மலைச் சாரல்களில் அப்பயிர்களுக்குப் பெரும் பகையாவது துரு நோய். "மருந்து அடித்தும் பயனில்லை" என்பது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை. அது தெளிக்கப்பட்ட காலத்திலேயே உள்ளது.

நோயின் இயல்பு

துரு ஒரு பங்கசு நோய். கோதுமையையும் கோப்பியையும் தாக்கும் துருக்கள் இதன் இனத்தவையே. ஆயினும் அவை போஞ்சியில் பற்றுவதில்லை. முதலில் இலையில் சிறு வெண்புள்ளிகள் தோன்றும். சில நாட்களில் அவை வெடித்துச் செங்கபில நிறத் தூளை வெளிவிடும். விரலால் தடவினால் அத்தூள் ஒட்டும். அதுவே நோயின் வித்து. காற்றில் பறந்து ஈர இலையில் விழும் வித்து, முளைத்து, இலையின் நுண்துளைகள் வழியே உட்புகும். ஏறக்குறைய 10 முதல் 15 நாட்களில் அங்கிருந்து புதிய தூள் கிளம்பும்.

கோப்பி தந்த பாடம்

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பித் துரு முதன்முதலாகக் காணப்பட்டது. 1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், துருவின் வித்து இலையிலுள்ள நீர்த்துளியில் முளைத்து உட்புகுவதை ஆராய்ந்து காட்டினார். உட்புகுந்த பங்கசை மேலே பூசும் மருந்து எட்டாது. வித்து முளைக்கும் முன்னரே மருந்து இலையில் இருத்தல் வேண்டும் என்பது அதனால் விளங்கியது. பிரான்சில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885இல் அறிவிக்கப்பட்டபோது, இங்கு கோப்பித் தோட்டங்கள் பெரிதும் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தெளிக்கும் முறை

1. கொடி படரத் தொடங்கியது முதல், கிழமைக்கு இருமுறை அடியிலைகளைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

2. முதற் புள்ளி கண்டவுடன் அவ்விலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, நீரில் கலக்கும் கந்தகத்தூள் போன்ற காப்பு மருந்தைத் தெளித்தல் வேண்டும்.

3. இலையின் இருபுறமும், சிறப்பாக அடிப்புறமும், நனைய வேண்டும். புதிதாக விரியும் இலைகளுக்குக் காப்பு இல்லையாதலால், சீட்டில் குறித்த இடைவெளியில் மீண்டும் தெளித்தல் அவசியம். கனமழை கழுவிச் செல்லுமாயின் அந்நாள் வரை காத்திருத்தல் ஆகாது.

4. கந்தகத்தைக் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் முதலிய எண்ணெய் மருந்துகளோடு அதனைக் கலத்தல் கூடாது.

இலைக்குள் ஊடுருவும் மருந்துகளும் இன்று உள்ளன. அவை தொடக்க நிலை நோயை ஓரளவு அடக்கும். ஒரே வகையைத் தொடர்ந்து தெளித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும்.

ஓர் எச்சரிக்கை

சில ஆண்டுகளுக்கு முன் கேகாலைப் புறத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பத்தார், பயிர் முழுதும் சிவந்த பின்னர் இருமடங்கு அளவில் மருந்து தெளித்தனர். இலை கருகியது, துரு நிற்கவில்லை. மருந்து படிந்த காயை விற்கவும் வழியில்லாமற்போய், விதைக்குப் பட்ட கடனே எஞ்சியது. வெண்புள்ளி தோன்றிய கிழமையில் அந்நிலத்தைக் கண்டும், ஓர் இலையையேனும் திருப்பிப் பாராது திரும்பியவன் நான்.

ஆதலின் அளவைக் கூட்டற்க. சீட்டிலுள்ள அளவையும், தெளித்தபின் காய் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் தவறாது கைக்கொள்க. தெளிக்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்க. பிள்ளைகளை அண்ட விடாதீர்.

அறுவடை முடிந்தபின் பழைய கொடிகளை எரித்து, அடுத்த போகம் அந்நிலத்தில் வேறு பயிரிடுக. ஐயமுண்டாயின் நோயுற்ற இலையுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக. இலை சிவக்கும் முன்னரே வருவீராயின் பயிரைக் காக்க வழியுண்டு.