கணக்கேடும் திறவுகோலும்

நுழையும்முன்

வரவு சில மாதங்களில் குறையும். கட்டணங்களோ நாள் தவறாமல் வந்து நிற்கும். வீட்டுக் கணக்கை வீட்டார் அறிதல் வேண்டும், பிறர் அறியலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

கடல் ஓய்ந்தாலும் கட்டணம் ஓயாது

பகவதி அம்மன் கோவிலால் பெயர்பெற்ற மண்டைக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் அமைந்துள்ளது. மீன்வளத்தைக் காக்கும்பொருட்டு, இக்கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் அந்நாள்களில் வரவு சுருங்கும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலோ செலவு பெருகும். மின்கட்டணம், எரிவாயு, சீட்டுப்பணம், கடன் தவணை ஆகியன தடைக்காலம் அறியா.

எழுத வேண்டியவை

கட்டணத்தின் பெயர், தொகை, கெடுநாள், செலுத்திய நாள் என்னும் நான்கு பத்திகள் கொண்ட ஏடு ஒன்றே போதும். இரு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் 900 ரூபாய் எனில், மாதந்தோறும் 450 ரூபாயை ஒதுக்கிவைத்தல் நன்று.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யப்படும் தவணைகளை முதற்பக்கத்திலேயே குறித்தல் வேண்டும். உரிய நாளில் இருப்புத் தொகை இல்லையெனில் வங்கி தண்டத்தொகை விதிக்கக்கூடும். பயன்படுத்தாத சந்தாக்களையும் இப்பக்கமே காட்டிக்கொடுக்கும்.

எழுதலாகாதவை

இரகசிய எண், கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல், அட்டையின் முழு எண் ஆகியவற்றுள் எதுவும் ஏட்டில் இடம்பெறலாகாது. கணக்கைச் சரிபார்க்க அவை தேவையில்லை. ஏடு குடும்பத்திற்குப் பொது. திறவுகோல் உரியவருக்கே உரியது.

செல்பேசியை நன்கு கையாளும் பிள்ளைகளிடமே பெற்றோர் பலர் கட்டணம் செலுத்தும் பொறுப்பை ஒப்படைக்கின்றனர். அப்போதும் இரகசிய எண்ணைப் பெற்றோரே அழுத்துதல் முறை. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவைப்படுவதில்லை என்பதையும் பிள்ளைகள் அவர்களுக்கு உணர்த்த வேண்டும்.

ஏடே காவல்

“கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு மின்இணைப்பு துண்டிக்கப்படும்” என்று அச்சுறுத்தும் போலிக் குறுஞ்செய்திகள் பரவுவதுண்டு. கணக்கு எழுதாத வீடு பதறி, அதில் உள்ள எண்ணை அழைக்கிறது. கேட்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கணக்கு எழுதும் வீடோ, செலுத்திய நாளை ஏட்டில் பார்த்து அமைதி கொள்கிறது. ஐயம் எழுந்தால், மின்வாரிய அலுவலகத்தை நேரில் அணுகுகிறது. ஆகவே, செலவை நினைவூட்டும் ஏடே மறைகாக்கும் காவலும் ஆகிறது.

தெரிந்து தெளிவோம்

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. இணையவழிப் பணமோசடி நேர்ந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் மாதந்தோறும் செலுத்தப்படும் கட்டணங்களைப் பெற்றோருடன் அமர்ந்து அட்டவணைப்படுத்துக. அவ்வட்டவணையை வகுப்பில் காட்டாது, அதனை உருவாக்கிய முறையை மட்டும் எடுத்துரைக்க.